‘விசா வேண்டாம்’ என்றொரு பம்மாத்து

தமிழ் நாளிதழ்களில் சில ஆண்டுகளாக ஒரு தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நாட்டின் பெயர் மட்டும் மாறும், வாக்கியம் மாறாது. ‘இனி இந்தியர்களுக்கு விசா தேவையில்லை’. கீழே ஒரு கடற்கரைப் படம், சுற்றுலா வளரும் என்று யாரோ ஓர் அமைச்சரின் மகிழ்ச்சி, அவ்வளவுதான். செய்தியின் கடைசிப் பத்தியில், அதுவும் இடம் மிச்சம் இருந்தால், ‘பயணத்துக்கு முன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் செய்தி, மற்றதெல்லாம் விளம்பரம். இதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

இலக்கியம் பேசும் இடத்தில் விசா எதற்கு என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல் தன் பொருளுக்கு நேர் எதிராகப் புழங்க ஆரம்பித்தால் அதை முதலில் கவனிக்க வேண்டியவர்கள் மொழியோடு உறவுள்ளவர்கள்தாம் என்பது எங்கள் எண்ணம். தவிரவும், கடல்கடந்து போவது தமிழ் எழுத்துக்கு அந்நியமான சங்கதி அல்ல. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத் தென்கிழக்காசியத் துறைமுகங்கள் இல்லாமல் நினைக்கவே முடியாது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ அகதி விண்ணப்பத்தையே நாவலுக்குள் கொண்டுவந்து வைத்தது. ஆனால் நம் பயணக் கட்டுரையாளர்களைப் பாருங்கள். விமானம் மேகத்துக்கு மேலே மிதப்பதிலிருந்துதான் அவர்களுக்குப் பயணம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பத்து நாட்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நேபாளத்துக்கு ஓர் இந்தியர் விசா இல்லாமல் போகிறார் என்றால் அது உண்மை. 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஒட்டி வந்த வழக்கம் அது. வாக்காளர் அட்டையைக் காட்டினால் போதும். யாரிடமும் முன்கூட்டி எதையும் கேட்க வேண்டியதில்லை. ‘விசா இல்லை’ என்ற தொடருக்கு நேர்ப்பொருள் இது ஒன்றுதான்.

அடுத்த படியில் வருகைப் படிவங்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாட்கள் விசா விலக்கு அளித்தது. கூடவே மின்னணு வருகை அட்டையும் வந்தது. தாய்லாந்து 2023 நவம்பரில் விலக்கு அளித்தது. 2025 மே 1 முதல் அங்கும் அத்தகைய அட்டை. இரண்டும் இலவசம். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கறாராகச் சொன்னால் இவை அனுமதி அல்ல, அறிவிப்பு. முன்பு விமானத்தில் கொடுத்த காகிதத்தைத்தான் இப்போது கணினியில் கேட்கிறார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அந்தக் காகிதத்தைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டி, ‘கொஞ்சம் எழுதித் தாங்க தம்பி’ என்று கேட்க முடிந்தது. கோலாலம்பூர் விமானத்தில் ஏறிய எந்தத் தமிழரும் பிறருக்கு இப்படி நாலைந்து எழுதித் தந்திருப்பார். அந்த வசதி போய்விட்டது என்பதை இப்போதைக்குக் குறித்துக்கொண்டு மேலே செல்கிறோம்.

மூன்றாவது படி மின்னணுப் பயண அனுமதி. விசா வேண்டாம் என்று அறிவிக்கப்பட்ட நாட்டவர், பயணத்துக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டி, அனுமதி வந்த பிறகே விமானம் ஏற வேண்டும் என்பது இதன் சாரம். விண்ணப்பம் உண்டு, கட்டணம் உண்டு, மறுப்பும் உண்டு. பிறகு விசாவுக்கும் இதற்கும் என்னதான் வித்தியாசம்? ‘விசா’ என்ற சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் ‘பார்க்கப்பட்டது’ என்று பொருள். ஓர் அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார் என்பதற்கான குறிப்பு அது. புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் பார்ப்பதற்கு ஆள் கிடையாது. பட்டியல்களோடு ஒப்பிட்டு யந்திரம் விடை சொல்கிறது. இருந்த ஆளை எடுத்துவிட்டார்கள். அனுமதியும் கட்டணமும் அப்படியே இருக்கின்றன. இதற்கு ‘விசா இல்லை’ என்று பெயர்.

ஆஸ்திரேலியா 1996இல் இதைத் தொடங்கியது. அமெரிக்கா 2009 ஜனவரி 12 முதல் கட்டாயமாக்கியது. பிறகு கனடா, நியூசிலாந்து, தென்கொரியா, பிரிட்டன் என்று வரிசை நீண்டது. அமெரிக்கா தொடக்கத்தில் பணம் கேட்கவில்லை. 2010இல் 14 டாலர், 2022இல் 21 டாலர், 2025 செப்டம்பர் 30 முதல் 40 டாலர். பிரிட்டனில் 10 பவுண்டாக இருந்தது 2025 ஏப்ரலில் 16 ஆயிற்று. இந்த நாடுகளில் பெரும்பாலானவற்றின் இந்தச் சலுகை நம் கடவுச்சீட்டுக்குக் கிடையாது. அங்கெல்லாம் நமக்குப் பழைய விசாவும் பழைய வரிசையும்தான். ஆகவே இது வெள்ளைக்காரன் தலைவலி, நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? முடியாது. இதே அச்சை எடுத்துத்தான் நாம் போகக்கூடிய நாடுகளும் வார்க்கின்றன.

கென்யாவைப் பாருங்கள். 2024 ஜனவரி முதல் உலகத்தார் எவருக்கும் விசா வேண்டாம் என்று அந்நாட்டு அதிபர் அறிவித்தார். உலகமே கைதட்டியது. பிறகுதான் தெரிந்தது, எல்லோரும் 30 டாலர் கட்டி மின்னணு அனுமதி பெற வேண்டும் என்று. அதுவரை விசா இல்லாமலும் காசு இல்லாமலும் போய்வந்துகொண்டிருந்த சில ஆப்பிரிக்க நாட்டவர்களும் பணம் கட்டும்படி ஆயிற்று. விசாவை ஒழித்ததன் விளைவு, விசாவே இல்லாதிருந்தவனுக்கும் விசா வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதிலிருந்து விலக்குத் தர வேண்டி வந்தது.

இதன் இயக்கத்தில் கவனிக்க வேண்டியது, வாசல் இடம்மாறியிருப்பது. முன்பு வாசல் என்பது அந்நிய நாட்டுத் துறைமுகத்தில் இருந்தது. அங்கே ஓர் அதிகாரி இருப்பார். கெஞ்சலாம், கடிதத்தைக் காட்டலாம், மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லலாம். இப்போது வாசல் மீனம்பாக்கத்தில், விமான நிறுவனத்தின் மேசையில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாதவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்துக்கு அபராதம், திருப்பிக் கொண்டுவரும் செலவும் அதன் தலையில். எனவே அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் இளைஞர் திரையில் வருவதைப் பார்த்து ‘ஏறலாம்’ அல்லது ‘ஏற முடியாது’ என்கிறார். அவர் எந்த நாட்டின் அதிகாரியும் அல்லர். அவரிடம் காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது. அமெரிக்க, பிரிட்டிஷ் அனுமதிகள் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது. போய் விசாவுக்கு விண்ணப்பம் போடு என்பார்கள்.

சட்டத்தின் வாசகம் யாரையும் பெயர் சொல்லி விலக்காது. காரியம் மட்டும் நடந்துவிடும். இந்த வித்தை புதிதல்ல. 1908இல் கனடா, பிறந்த நாட்டிலிருந்து இடையில் நில்லாத பயணமாக, அங்கேயே வாங்கிய சீட்டோடு வருவோரே இறங்கலாம் என்று விதி செய்தது. அதில் ‘இந்தியர்’ என்ற சொல் இல்லை. இந்தியாவிலிருந்து அப்படி நேரடியாகச் செல்லும் கப்பல் இல்லை என்பது விதி செய்தவர்களுக்குத் தெரியும். 1914இல் ‘கோமகாட்டா மாரு’ கப்பலில் வான்கூவர் போய்ச் சேர்ந்த 376 பேரில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்கள் இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

நமக்கு மிக அருகில் உள்ள கடலுக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளருக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘டின் டிக்கெட்’ என்றொரு முறை இருந்தது. தகரத்தாலான சிறு வில்லை. அதில் தோட்டம் இருக்கும் பகுதிக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். தோட்டத்திலிருந்து கங்காணி வழியாக அந்த வில்லை ஊருக்கு வந்து சேரும். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிக்கொள்வார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வில்லை வைத்திருப்பவன் பெயர் யாருக்கும் வேண்டியதில்லை, எண் போதும். மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்திவைத்து, தொற்றுநோய் இல்லை என்று பார்த்து அக்கரைக்கு அனுப்புவார்கள். புறப்படும் முன்பே, புறப்படும் கரையிலேயே சோதித்து முடித்துவிடுவது, ஆளை எண்ணால் அறிவது, ஏற்றிச் செல்பவனையே காவலாக்குவது: இன்றைய மின்னணு அனுமதியின் உறுப்புகள் அத்தனையும் அந்தத் தகர வில்லையில் இருந்தன. ஒரே ஒரு வேறுபாடு, அன்று செலவைத் தோட்டக்காரன் ஏற்றான் (பிறகு கூலியில் பிடித்தானா என்பது தனிக்கதை). இன்று விண்ணப்பிப்பவனே கட்டுகிறான்.

1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. எழும்பூரில் ரயிலேறியவர் கொழும்புவரை ஒரே சீட்டில் போகலாம். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது; அதே ஆண்டின் 20ஆம் எண் சட்டம் உள்ளே வருவோரையும் வெளியே போவோரையும் முறைப்படுத்தியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரால் நின்றது. 2012 ஜனவரி 1 முதல் இலங்கை மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கு 2024 மார்ச் இறுதிவரை விசா இலவசம் என்றது. நம் இதழ்கள் வழக்கம்போல ‘இலங்கைக்கு விசா வேண்டாம்’ என்று எழுதின. இலவசம் என்பது கட்டணத்துக்குத்தான். விண்ணப்பம் அப்போதும் போட வேண்டியிருந்தது. கோயிலில் இலவச தரிசனம் என்றால் வரிசை இல்லை என்றா பொருள்?

அதற்குப் பிறகு நடந்ததைத் தமிழ்நாட்டு இதழ்கள் போதிய அளவு எழுதவில்லை. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம். 2024 ஏப்ரல் 17 அன்று அந்த அரசுத் தளம் ஓரங்கட்டப்பட்டது. ஐ.வி.எஸ்.-ஜி.பி.எஸ். என்னும் நிறுவனத்தோடு வி.எஃப்.எஸ். குளோபல் சேர்ந்து நடத்தும் புதிய மின்விசா முறை வந்தது. அரசுக் கட்டணத்தின் மேல் சேவைக் கட்டணம், அதன் மேல் வசதிக் கட்டணம் என்று ஏறி, அதுவரை 50 டாலர் கட்டிவந்த வெளிநாட்டவர்கள் ஏறத்தாழ 100 டாலர் கட்டும் நிலை வந்தது. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவர் இதைக் கேள்வி கேட்ட காணொளி நாடெங்கும் பரவியது. நம் நாட்டு வாசலில் வேற்று நாட்டு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறதே என்பது அங்கே எழுந்த கோபம். அந்தக் கோபத்தில் இந்திய வெறுப்பும் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. பாட்டலி சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம், எம்.ஏ. சுமந்திரன் ஆகியோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2024 ஆகஸ்ட் 2 அன்று, பழைய முறைக்கே திரும்பும்படி நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. குடிவரவுத் துறை அதைச் செய்யாமல் காலம் கடத்தியது. செப்டம்பர் 25 அன்று அத்துறையின் தலைமைக் கட்டுப்பாட்டாளரையே நீதிமன்றம் விளக்கமறியலுக்கு அனுப்பியது. பழைய முறை உடனே திரும்பியது.

ஓர் உத்தரவைக் கணினியில் செயல்படுத்த இரண்டு மாதத்தில் முடியாதது, அதிகாரி சிறைக்குப் போனவுடன் முடிந்தது. தொழில்நுட்பச் சிக்கல் என்று இனி யாராவது சொன்னால் எங்களுக்கு இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும்.

இதுவரை சொன்னவை எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழருக்கென்றே ஒரு கூடுதல் தண்டனை படிவத்தின் முதல் கட்டத்திலேயே காத்திருக்கிறது. ‘குடும்பப் பெயர்’.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து, தன் பெயர், அவ்வளவுதான். சாதிப் பெயரைப் பின்னொட்டாக வைத்துக்கொள்வதை ஒரு நூற்றாண்டாகப் போராடிக் கைவிட்ட சமூகம் இது. ஆகவே அந்தக் கட்டம் நம்மிடம் கேட்பது வெறும் பெயரை அல்ல. இந்தியக் கடவுச்சீட்டு முதலெழுத்தை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டரசு முதலெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணைதான், கடவுச்சீட்டில் முதலெழுத்துக்கே இடமில்லை என்பது வேறு விஷயம். சிலர் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்தார்கள். அவர்களை அயல்நாட்டு விமான நிலையங்களில் அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கணவனுக்கு அவன் தந்தை பெயர், மனைவிக்கு அவள் தந்தை பெயர் அல்லது கணவன் பெயர், குழந்தைக்கு மூன்றாவது ஒன்று. மூவரும் ஒரே குடும்பம் என்று மேசையில் விளக்க வேண்டும். வேறு சிலர், சான்றிதழில் உள்ளபடி ஒற்றைப் பெயரோடு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். அமெரிக்க விசா அவர்களுக்கு ‘எஃப்.என்.யு.’ என்று முதற்பெயர் வைக்கிறது: ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம். இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தள்ளிவிட்டு, பெயர் தெரியாது என்று முத்திரை குத்துகிறார்கள். 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னதாக விமான நிறுவனங்கள் சுற்றறிக்கை விட்டன. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். அந்தச் சில நாட்களில் பயணச்சீட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்?

காகிதப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் குறுக்கே கோடிட்டு விடலாம். கணினிப் படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. ஆகவே மனிதர்கள் எதையாவது நிரப்புகிறார்கள்: பெயரையே இரண்டு முறை, ஒரு புள்ளி, ஊர்ப்பெயர். நிரப்பியது கடவுச்சீட்டோடு ஒத்துப்போகவில்லை என்று பின்னால் பிடிபடும்போது அது விண்ணப்பதாரர் சொன்ன பொய்யாகக் கணக்கில் ஏறுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு எங்கள் குழுவில் ஒருவரின் ஊரிலிருந்தே உதாரணம் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ப் பக்கத்துக் காவாந்தண்டலம். அங்கே ஓர் அம்மாள், மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கோலாலம்பூர் போக வேண்டும். விசா வேண்டாம் என்று பேப்பரில் போட்டிருப்பதை ஊரில் எல்லோரும் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அட்டை நிரப்ப வேண்டும் என்பது பயணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் மகள் சொல்லித் தெரிந்தது. உத்திரமேரூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். கடைப் பையன் தேடுபொறியில் முதலில் வந்த தளத்தைத் திறந்தான். அரசுத் தளம் போலவே கொடி, முத்திரை எல்லாம் இருந்தது. அரசுத் தளம் அல்ல. இலவசப் படிவத்துக்கு அங்கே சில ஆயிரம் ரூபாய் கேட்டது. அந்த அம்மாளிடம் வங்கி அட்டை இல்லை. பையன் தன் கணக்கிலிருந்து கட்டி, மேலே நூறு ரூபாய் சேர்த்து வாங்கிக்கொண்டான். மின்னஞ்சல் முகவரியும் அவனுடையதே. அனுமதி வருவதானால் அவன் பெட்டிக்கு வரும். மறுப்பு வந்தாலும் அங்கேதான். குடும்பப் பெயர்க் கட்டத்தில், காலமாகிவிட்ட கணவரின் பெயரைப் போட்டான். கடவுச்சீட்டில் அந்த அம்மாளுக்கு ஒற்றைப் பெயர். விமான நிலையத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தினார்கள். பக்கத்து வரிசையில் நின்ற ஒரு மாணவர் தம் கைபேசியில் சரியான தளத்தைத் திறந்து, காசில்லாமல் பத்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்த பிறகே விமானம் ஏறினார்.

அந்தப் பையனை நாங்கள் குற்றம் சொல்ல மாட்டோம். அவன் நாள் முழுக்கப் பட்டா, சாதிச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம் என்று ஊருக்கே எழுத்தராக இருக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவரின் வாரிசு. ஒரு நாட்டின் குடிவரவுத் துறை செய்ய வேண்டிய வேலையை அவன் தலையில் கட்டியவர்கள் யார் என்பதுதான் கேள்வி. தன் மொழியில் படிக்க முடியாத, தன் கையால் நிரப்ப முடியாத ஒரு தாளில் ‘மேலே கூறியவை அனைத்தும் உண்மை’ என்று அந்த அம்மாள் உறுதிமொழி தந்திருக்கிறார். அதற்கு என்ன மதிப்பு?

இதற்கு மாற்றுத் தரப்பு உண்டு. எங்கள் நண்பர்களிலேயே சிலர் சொல்கிறார்கள்: தூதரக வாசலில் அதிகாலை முதல் வெயிலில் நின்று, வங்கிக் கணக்கும் சொத்துப் பத்திரமும் காட்டி, நேர்காணலில் அவமானப்படுவதைவிட, வீட்டிலிருந்தே இருபது நிமிடத்தில் முடிவது மேல் அல்லவா? மேல்தான். படித்த, அட்டை வைத்திருக்கும், ஆங்கிலம் தெரிந்த, இரண்டு பெயர் உள்ள ஒருவருக்கு மேல்தான். அந்தச் சௌகரியத்தை நாங்களும் அனுபவித்திருக்கிறோம். எளிமை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறோம். ‘விசா இல்லை’ என்று சொல்லாதீர்கள். பாதுகாப்புக்காக என்றொரு வாதமும் உண்டு. வருகிறவர் யார் என்று அறிந்துகொள்ள ஒரு நாட்டுக்கு உரிமை இருக்கிறது, நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை எங்கே? 2025 டிசம்பரில் அமெரிக்கா, விசா விலக்குள்ள நாட்டவரும் ஐந்தாண்டுச் சமூக ஊடகக் கணக்குகளைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவை வெளியிட்டது. விசா இல்லாமல் வருகிறவனிடம் இத்தனை கேட்பார்கள் என்றால், விசாவோடு வருகிறவன் எவ்வளவோ சுதந்திரமானவன் போலிருக்கிறது.

தகுதி நிர்ணயிப்பதும் தகுதியற்றவரை விலக்குவதும் தவறென்று நாங்கள் சொல்லவில்லை என்பதற்கு அதே வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. காவாந்தண்டலத்துக்காரர்கள் பேருந்து பிடிக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் போகும் உத்திரமேரூரின் நடுவில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921ஆம் ஆண்டுகள். யார் சபையின் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம், எவ்வளவு நிலம் வேண்டும், எத்தனை வயதுக்குள் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய எந்தெந்த உறவினரும் விலக்கப்படுவார்கள் என்று கண்டிப்பான விதிகள். முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரமறியாத ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்லி, அதை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். பிறகு அங்குள்ள நம்பிமார்களும் வாசிக்க வேண்டும். அது பிராமணர் சபை என்பதையும், ஊரில் பாதிப்பேருக்கு மேல் அந்தக் குடத்தில் ஓலையே இல்லை என்பதையும் அறிவோம். மேடைதோறும் அதை உலகின் முதல் ஜனநாயகம் என்று முழங்குவோர் கூட்டத்தில் எங்களைச் சேர்க்க வேண்டாம். ஆனாலும் விலக்கும் விதி ஒவ்வொன்றும் சுவரில், ஊரார் மொழியில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய வெட்டப்பட்டிருந்தது. விலக்கப்பட்டவனுக்கு ஏன் விலக்கப்பட்டோம் என்று தெரியும். ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து, அந்தக் கோயிலுக்கு எதிர்க்கடையில் விண்ணப்பிக்கும் ஒருவருக்கு ‘அனுமதிக்கப்படவில்லை’ என்ற ஒற்றை வரி வந்தால் காரணம் கேட்கும் இடம் இல்லை.

நம் அரசைச் சொல்லாமல் அயலாரை மட்டும் ஏசுவது அழகல்ல. 2014 நவம்பரில் இந்தியா ‘மின்னணுப் பயண அனுமதியுடன் கூடிய வருகை விசா’ என்று ஒன்றைத் தொடங்கியது. வருகை விசா என்றால் வந்திறங்கி வாங்கிக்கொள்வது என்று நம்பியவர்கள் குழம்பினார்கள். 2015 ஏப்ரலில் பெயரை ‘மின் சுற்றுலா விசா’ என்று மாற்ற வேண்டி வந்தது. பெயரைத் திருத்தியதற்குப் பாராட்டலாம். விசாவை விசா என்றாவது சொன்னார்கள். அதே மாதம், சித்திரைப் புத்தாண்டன்று, இலங்கையரும் இதில் சேர்க்கப்பட்டனர். இந்தப் படிவத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மதம் கேட்கிறது. உடலில் உள்ள அடையாளம் கேட்கிறது. பெற்றோரோ அவர்களைப் பெற்றோரோ பாகிஸ்தானியரா என்று கேட்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரம் தரிசனத்துக்கு வர நினைக்கும் ஒரு முதியவர் இத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் நடராஜரைப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டபோது தொப்புள்கொடி உறவு என்று எத்தனை பேர் பேசினார்கள்! கப்பல் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது. இரண்டு கரையிலும் படிவம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

கேட்கிறோம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதைக் கேள்வி கேட்க ஓர் அலுவலகம் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர் கட்டத்தைக் காலியாக விட்டுக் கடந்துபோக வழி இருக்க வேண்டும்; இதை ஒவ்வொரு நாட்டிடமும் கேட்டு வாங்குவது நம் வெளியுறவு அமைச்சகத்தின் வேலை, விமான நிலையத்து இளைஞரின் வேலை அல்ல. அரசின் இ-சேவை மையங்களில், எந்த நாட்டுக்கு எந்தத் தளம், எது இலவசம், எதற்கு எவ்வளவு என்று தமிழில் ஒரு தாள் ஒட்டினால் போலித் தளங்களின் பிழைப்பில் பாதி போய்விடும். ஒட்டுப்பசைச் செலவு மட்டுமே.

நாளிதழ் ஆசிரியர்களிடம் கேட்பது இதைவிடவும் எளிது. அந்தத் தலைப்பை இனிப் போடுவதானால், முதல் பத்தியிலேயே அதிகாரபூர்வத் தளத்தின் முகவரியும் கட்டணமும் எத்தனை நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் வர வேண்டும். போடாத இதழ்களின் பட்டியலை, செய்தி வந்த தேதியோடு, மாதாமாதம் இங்கே வெளியிட இருக்கிறோம்.